அறையைக் காலி செய்த பிறகு

விடுமுறைக்குப் போன ஊரில் கடைசி நாள் என்று ஒன்று வரும். அறையைக் காலி செய்து, பெட்டியை விடுதி வரவேற்பறையின் மூலையில் ஒப்படைத்து, கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டு வெளியே வந்தால், இரவு விமானத்துக்கு இன்னும் ஏகப்பட்ட பொழுது கிடக்கும். அந்தப் பொழுதில் கண் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். நேற்றுவரை காதைக் குடைந்த ஹாரன் சத்தம் இன்று அந்த ஊரின் குரலாகத் தோன்றும். தினமும் கடந்துபோன தெருமுனைக் கடையின் முன்னால் கால் தானாக நிற்கும். சுவரில் பெயர்ந்து தொங்கும் காரை, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு, வாழைத்தாரைத் தோளில் சுமந்து போகிறவரின் வேர்த்த முதுகு என்று எல்லாமே விடைகொடுக்க வந்து நிற்பதாகப் படும். அந்தக் கண்ணோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. முடியப்போவது என்னுடைய விடுமுறை மட்டும்தான். அந்தக் கண்ணோ ஊரே முடியப்போகிறது என்பதுபோல் பார்க்கிறது. தெருவில் நடக்கிற வேறு யாருக்கும் அன்று கடைசி நாள் கிடையாது. அவர்களுக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை. சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஜனவரியில் கொல்கத்தாவில் கழித்த அப்படியொரு நாளில் அது என்னை அரிக்கத் தொடங்கியது. ஊர் திரும்பிய பின்னும் விட்டபாடில்லை.

வேறு நகரமாக இருந்தால் இவ்வளவு அரித்திருக்காது என்று நினைக்கிறேன். கொல்கத்தாவைக் கடைசி நாளின் கண்ணால் பார்ப்பது நான் தொடங்கிவைத்த பழக்கமில்லை, ஒரு நூற்றாண்டாக நடந்துவருவது. 1911 டிசம்பரில் தில்லி தர்பாரில் தலைநகரை மாற்றப்போவதாக அறிவித்ததிலிருந்தே இந்த ஊரை முடிந்துபோன ஊராகப் பேசுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். பிறகு 1943-ன் பஞ்சம், 1947-ல் எல்லை கடந்து வந்த அகதிகள், மண் தூர்ந்த ஆறு, மூடிய ஆலைகள் என்று ஒவ்வொன்றும் அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகச் சேர்ந்தன. 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தியே இதைச் செத்துக்கொண்டிருக்கும் நகரம் என்றார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் இதே நகரத்தின் மண்ணுக்கடியில் ஓடத் தொடங்கியிருந்தது. தோண்டிய மண்ணும் தடுப்பு வேலியும் குழியுமாக ஆண்டுக்கணக்கில் கிடந்த சாலைகளைத் தாண்டி வேலைக்குப் போனவர்கள் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர்களின் புகைப்படங்களைப் பாருங்கள். வடக்குக் கொல்கத்தாவின் தூண் வைத்த பழைய வீடு, அதன் நெற்றியில் முளைத்த அரசங்கன்று, பாதி கழன்ற பச்சை மர ஜன்னல், அதன் கீழே கைரிக்‌ஷா. அந்த வீட்டுக்குள் சொத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும், மாடியில் யாரோ குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார்கள், தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சண்டை நடக்கும். அதெல்லாம் படத்தில் விழாது. படம் எடுக்கிறவருக்கு மறுநாள் விமானம்.

கிளம்புவதற்கு முந்தின மாலை லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாமியைப் பார்க்கப் போயிருந்தேன். நண்பரின் சித்தி. தெற்குக் கொல்கத்தாவின் அந்தப் பகுதியில் தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். கடைத்தெருவில் வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும், காப்பிப் பொடியின் வாசனை மீன் சந்தையின் வாசனையோடு மோதும். மாமி அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்காளத்தில் கோபித்துக்கொண்டு தமிழில் சமாதானம் சொல்கிறவர். நான் டிராமைப் பற்றி ஆரம்பித்தேன். அன்று காலையில் பார்த்ததை, அது திரும்பும்போது கம்பியிலிருந்து தெறித்த பொறியை, ஓர் ஊருக்கு இவ்வளவு அழகான ஒன்றை நிறுத்த எப்படி மனம் வருகிறது என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மாமி முறத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கிளம்பறே. ஒனக்கு எல்லாம் அழகாத்தான் இருக்கும்,” என்றார். “மழை பேஞ்சு முழங்கால் தண்ணியில வண்டி நின்னு போயிடும். காத்தால சமைச்சு வெச்சுட்டு ஆபீசுக்கு ஓடறவளுக்கு அப்போ அது அழகா இருக்குமா, சொல்லு. எத்தனை நாள் அந்த வண்டியைத் திட்டியிருக்கேன் தெரியுமோ.”

“அப்போ நிறுத்தினா நல்லதுங்கறேளா மாமி?”

“யாரு சொன்னா? அதை நிறுத்தறான்னு கேட்டதுலேர்ந்து வயிறு எரியறது. அது வேற.”

அந்த ‘அது வேற’ என்னோடு விடுதிக்கு வந்தது, மறுநாள் முழுக்க என்னோடு அலைந்தது. மாமிக்கும் எனக்கும் ஒரே பொருளின் மேல்தான் பிரியம். ஆனால் அவருடைய பிரியத்தில் நாற்பது வருஷத் திட்டு இருந்தது. என்னுடையதில் ஒரு திட்டும் இல்லை. கடைசி நாளின் கண்ணுக்குப் புகார் சொல்லத் தெரியாது. அதை எப்போதும் ஒரு நற்குணமாகவே எண்ணிவந்திருக்கிறோம். பயணக் கட்டுரைகளில் அந்தக் கனிவைத்தான் மெச்சுகிறோம். போன இடத்தில் எதையும் குறை சொல்லாமல் வணங்கிவிட்டு வருவது நல்ல விருந்தாளிக்கு அடையாளம் என்கிறோம். ஆனால் சலிப்பும் கோபமும் கழன்றுபோன கண் அந்த ஊரோடு இருந்த கடைசிப் பிடியையும் விட்டுவிட்ட கண் இல்லையா? வந்த இரண்டாம் நாள், நடைபாதை முழுவதையும் கடைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, சாலையில் இறங்கித்தான் நடக்கவேண்டியிருக்கிறது என்று நான் எரிச்சல்பட்டேன். அப்போது நானும் அந்த ஊரில் நடக்கிறவர்களில் ஒருத்தி. கடைசி நாள் அதே நடைபாதைக் கடைகளை வாஞ்சையோடு பார்த்தபோது நான் அங்கே நடக்கவில்லை, கிளம்பிவிட்டிருந்தேன்.

பெட்டியை ஒப்படைத்துவிட்டு மெட்ரோவில் ஷோபாபஜார் போய்க் குமார்துலிக்குள் நுழைந்தேன். சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சந்துகள் முழுக்கச் சின்னச் சின்னச் சரஸ்வதிகள். தலை இல்லாத உடல்கள் வரிசையாக வெயிலில் காய்கின்றன. தலைகளை அச்சில் வார்த்து வேறு பலகையில் அடுக்கியிருக்கிறார்கள். மூங்கில் சட்டத்தின் மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடலுக்கு உருவம் கொடுக்கிறார்கள். அதன் மேல் உமி கலந்த பிசுபிசுப்பான களிமண், அது காய்ந்தபின் மணல் சேர்ந்த மெல்லிய மண் பூச்சு. ஒரு கொட்டகையின் வாசலில் வயதான ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரல்கள் செய்துகொண்டிருந்தார். விரல்களைத் தனியாகத்தான் செய்து ஒட்டுகிறார்கள். மண்ணைச் சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் ஓர் உருட்டு, நகத்தால் இரண்டு கோடு, நுனியில் ஓர் அழுத்தம். வீணையின் தந்திமேல் வைக்கவேண்டிய விரல் ஆகிவிட்டது. மணிக்கட்டில் விரிசல் விட்டிருந்த இடத்தில் மண்குழம்பில் நனைத்த துணிக்கீற்றை வைத்து, ஈர விரலால் நீவினார். விரிசல் மறைந்தது. மறுபடி நீவினார். ஈர மண்ணும் பழைய வைக்கோலும் பக்கத்துக் கடையின் கடுகெண்ணெய்ப் புகையும் கலந்த வாசனை.

என் பக்கத்தில் கேமராவோடு நின்றிருந்த ஓர் இளைஞர் அவரிடம் இந்தியில் கேட்டார், இவ்வளவு பாடுபட்டுச் செய்வது சில நாளில் ஆற்றுக்குப் போய்விடுகிறதே, மனசுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. குரலில் உண்மையான பரிவு இருந்தது. பெரியவர் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வெளிச்சம் மறைக்கிறது என்றார். இளைஞர் நகர்ந்துகொண்டார், வேலை தொடர்ந்தது. நானும் அதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். அந்தத் தெருவில் முடிவு என்பது தொழிலின் ஒரு கட்டம். பூஜை நாளுக்குள் மண் காயவேண்டும், வண்ணம் பூசவேண்டும், பள்ளிக்கூடங்களும் கிளப்புகளும் வந்து எடுத்துப்போக வேண்டும். துர்கா பூஜை முடிந்து சிலைகளை ஆற்றில் கரைத்தபின் மண் போய்விடும். உள்ளே இருந்த மூங்கில் சட்டங்களை இழுத்துக் கரைசேர்த்து மறுபடி குமார்துலிக்கே கொண்டுவருகிறார்கள், அவற்றின் மேல் வேறு தெய்வம் எழும். கரைக்கிற அன்று கூட்டம் எழுப்புகிற கோஷத்தில்கூட அடுத்த வருஷத்தைப் பற்றிய பேச்சுதான் இருக்கும். அதைத் தத்துவமாக்கி வாசிக்க வெளியூர்க்காரர்களுக்கு ஆசை வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் பெரியவருக்கு அன்று தேவைப்பட்டது வெளிச்சம்.

அங்கிருந்து ஹாத்திபாகான் வரை நடந்தால் விதான் சரணியில் டிராம் பாதை வருகிறது. ஷியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடுக்குப் போகும் ஐந்தாம் எண் தடம். நடுச்சாலையில் நின்று கையைக் காட்ட வேண்டும், வண்டி முழுதாக நிற்பதற்குள் ஏறிக்கொள்ள வேண்டும். உள்ளே மரப் பலகை இருக்கைகள், கம்பிக் கூண்டுக்குள் மின்விசிறி, கூரையோடு ஓடும் மணிக்கயிறு. நடத்துநர் விரலிடுக்கில் மெல்லிய தாள் சீட்டுகளைச் செருகிக்கொண்டு வருகிறார். ஓட்டுநர் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பி வேகம் கூட்டுகிறார், காலால் தரையிலுள்ள மணியை மிதிக்கிறார், அந்த மணிக்கு யாரும் ஒதுங்குவதில்லை. எதிரே ஒரு கல்லூரிப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். காலடியில் முட்டைக்கோஸ் பையோடு ஓர் அம்மாள். செய்தித்தாளை நான்காக மடித்துக் கண்ணருகே வைத்துப் படிக்கும் ஒருவர். கொஞ்ச தூரத்தில் ஒரு சரக்கு வேனைத் தண்டவாளத்தின் மேலேயே நிறுத்திவிட்டு யாரோ போயிருந்தார்கள். பேருந்தென்றால் வளைந்து போய்விடும், டிராமால் முடியாது. வண்டி நின்றது. நடத்துநர் இறங்கிப் போய் வேனின் பக்கவாட்டில் தட்டினார். முட்டைக்கோஸ் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எனக்கு அந்தத் தாமதம் வேண்டியிருந்தது, இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கட்டும் என்று இருந்தது. அந்த வண்டியில் அப்படி நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். இதை இங்கே பதிவு செய்துவைக்கத் தோன்றுகிறது. ஒரு பொதுப் போக்குவரத்து நின்றுபோய்விட வேண்டும் என்று அதில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் விரும்புவாரானால், அவரைப் பயணி என்று சொல்ல முடியாது.

இந்த நகரத்தில் முதல் டிராம் 1873-ல் குதிரைகள் இழுக்க ஓடியது. 1902-ல் மின்சாரம் வந்தது. 1943 பிப்ரவரியில் ஹவுரா பாலம் திறந்தபோது அதன்மேல் முதலில் கடந்துபோன வண்டி ஒரு தனி டிராம். ஐம்பது ஆண்டு கழித்து 1993-ல் அந்தப் பாலத்திலிருந்து டிராமை எடுத்துவிட்டார்கள். சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ படத்தின் தலைப்பெழுத்துகள் டிராமின் கூரைக்கோல் மின்கம்பியை உரசிக்கொண்டு போகும் காட்சியின் மேல்தான் வருகின்றன. 1954 அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் டிராமில் அடிபட்டு, சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். மாமியின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தச் சாலையில்தான் மாமி நாற்பது வருஷம் டிராமுக்குக் காத்து நின்றிருக்கிறார். ஒரு கவிஞனைக் கொன்ற வண்டியையும் அந்த ஊர் தன் வண்டியாகவே வைத்துக்கொண்டது. 1953 ஜூலையில், அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்த டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்காக நகரமே தெருவில் இறங்கியது. மறியல், தடியடி, கைது. உயர்த்திய கட்டணத்தைக் கடைசியில் நிறுத்திவைக்க நேர்ந்தது. நினைத்துப் பாருங்கள், ஒரு பைசாவுக்காக. அவ்வளவு சண்டை போட அந்த வண்டி அவ்வளவு தூரம் அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.

அதே 1953-ன் ஏப்ரலில்தான் சென்னையில் டிராம் நின்றது. மின்சார டிராம் சென்னைக்குத்தான் முதலில் வந்தது, 1895-ல், கல்கத்தாவுக்கு ஏழு ஆண்டு முன்பே. கம்பெனி நொடித்துப்போனது, சேவை நின்றது, தண்டவாளம் தாருக்கடியில் போனது. இப்போது சென்னையில் அது ஓடிய தெருவில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தில் கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் போனால் என்ன செய்யலாம் என்று காலணாக் கணக்கு போடுகிறார். வெற்றிலை பாக்கா, அரை கப் காப்பியா என்பதுதான் அவருடைய பிரச்சினை. அந்தக் கதையை எத்தனை முறை படித்திருந்தாலும் அங்கே டிராம் ஒரு பழம்பொருளாக எனக்குத் தோன்றியதில்லை. பிள்ளைக்கு அது பழம்பொருள் கிடையாது, ஒரு செலவு. சென்னைக்கும் ஓர் எஸ்பிளனேடு, கொல்கத்தாவுக்கும் ஓர் எஸ்பிளனேடு. இரண்டிலும் டிராம் வந்து கூடியது. நம்முடைய எஸ்பிளனேடில் அது நின்றபோது கண்ணீர் விட்டவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு போட்டுக்கொண்டு நின்ற கந்தசாமிப் பிள்ளைகள் எல்லோரும் மறுநாள் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

கல்லூரித் தெருவில் இறங்கிக் காபி ஹவுஸ் மாடிக்குப் போனேன். பழைய ஆல்பர்ட் ஹால், தொழிலாளர் கூட்டுறவு நடத்துகிற இடம். விசிறி மடிப்புத் தலைப்பாகை வைத்த பரிசாரகர்கள், உயரமான கூரையில் தொங்கும் விசிறிகள், சுவரில் தாகூர். இன்ஃப்யூஷன் என்று கேட்டால் பால் இல்லாத காபி வரும், அது அவ்வளவு நன்றாக இருக்காது. அந்த இரைச்சலில் உட்கார்ந்து என்னையே எதிர்த்து வாதாடிப் பார்த்தேன். கடைசி நாளின் கண் முழுக்கப் பொய்யா? சில விஷயங்கள் நிஜமாகவே முடிந்துகொண்டுதானே இருக்கின்றன? 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு சின்னத் துண்டைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்ற டிராம் தடங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சாலை குறுகல், டிராம் மெதுவாகப் போகிறது, நெரிசல் கூடுகிறது என்பது அரசின் வாதம். ஆக அந்தக் கண் டிராமில் கண்ட முடிவு கற்பனை இல்லை. அந்த ஊரிலேயே இருப்பவர்கள் பழக்கத்தால் கவனிக்காமல் விட்டதை வெளியாள் ஒருவர் கண்டு சொல்ல முடியாதா? முடியலாம் என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

பிறகு அந்த நம்பிக்கை நிற்கவில்லை. டிராமுக்காக உண்மையில் வழக்கு நடத்துகிறவர்கள், பணிமனை நிலத்தை விற்பதை எதிர்த்து எழுதுகிறவர்கள், எந்தத் தடத்தில் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டார்கள் என்று கணக்கெடுத்து வைப்பவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். கல்கத்தா டிராம் பயனாளர் சங்கம் என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் அழகைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. புகை விடாத வண்டி, முதியவர்கள் ஏறுகிற வண்டி, குறைந்த காசில் போகிற வண்டி என்று பேசுகிறார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒன்று வரவேண்டியது முக்கால் மணிக்கு ஒன்றாக வந்தால் யார் காத்திருப்பார்கள் என்று சண்டை போடுகிறார்கள். அவர்களுடைய துக்கத்துக்குள் நேரப் பட்டியல் இருக்கிறது. டிராமை ‘பாரம்பரியம்’ ஆக்கி மைதானத்தின் ஓரம் சுற்றவிடுவது என்ற முடிவுக்குத் துணைபோவது என்னைப் போன்றவர்களின் கண்தான். அலுவலகம் போகிறவளுக்கு மைதானத்தைச் சுற்றும் வண்டியால் ஒரு பயனும் இல்லை. விடுமுறைக்கு வந்தவளுக்கு அது போதும், படம் எடுக்கவும் அதுவே வசதி. ஒரு நகரம் தன் வண்டியை ஊர்க்காரர்களுக்காக ஓட்டுவதை விட்டுவிட்டு விருந்தாளிகளுக்காக ஓட்டத் தொடங்கினால் அது அங்கேயே நின்றுவிட்டதென்றுதான் பொருள், சக்கரம் சுழன்றுகொண்டிருந்தாலும் சரி. இதை நினைத்தபோது எனக்கு வந்த கோபம், அன்று முழுக்க எனக்கு வந்த உணர்ச்சிகளில் நான் நம்பக்கூடிய ஒன்றாக இருந்தது. அதில் கனிவே இல்லை.

சாயங்காலம் எஸ்பிளனேடில் நோலன் குர் சந்தேஷ் இரண்டு டப்பா வாங்கினேன். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்சம்பனை வெல்லத்தில் செய்வது, பழுப்பு நிறம், வாயில் வைத்தால் லேசான புகை வாசனை. ஊருக்கு வாங்கிப்போவதில் எனக்கு எந்த வருத்தமும் குழப்பமும் கிடையாது, நல்ல பழக்கம்தான். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு மஞ்சள் டாக்ஸி ஒன்றில் ஏறினேன். அம்பாசடர். உத்தர்பாராவில் அந்தக் காரைச் செய்வதை 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்கள் நகரத்தில் ஓடக்கூடாது என்ற உத்தரவும் இருப்பதால் மஞ்சள் அம்பாசடர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. ஓட்டுநர் பீகார்க்காரர். உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, கிளட்ச் போனால் இரண்டு நாள் வருமானம் போச்சு என்று தம்தம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வண்டியின் அழகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கிளட்ச் என்ன விலை என்று கேட்டேன். பிறகு அவர் இன்னும் விரிவாகச் சொன்னார், பழைய சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் எது கிடைக்கும், எது கிடைக்காது, எந்த மெக்கானிக்கை நம்பலாம் என்று. அந்தச் சவாரியில் அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டது, அன்று பகல் முழுக்க உருகி உருகிப் பார்த்ததைவிட அதிகம்.

கடைசி நாளே வேண்டாம் என்று சொல்ல முடியாது, திரும்புகிறவர்களுக்கு அது வரத்தான் செய்யும். அன்று மனம் இளகுவதும் இயல்பு. ஆனால் அந்த இளக்கத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. கொல்கத்தாவைப் பற்றி நூறு வருஷமாக அப்படித்தான் தீர்ப்பு எழுதிவருகிறார்கள், பெரும்பாலும் மறுநாள் அங்கே இல்லாதவர்கள். போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிராமைக் கடைசி நாளுக்கென்று மிச்சம் வைக்காதீர்கள். போன மறுநாள் காலையிலேயே, அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிற நேரத்தில் போய் நில்லுங்கள். வண்டி வரத் தாமதமானால் எரிச்சல்படுங்கள், பக்கத்தில் நிற்பவரிடம் அடுத்தது எப்போது என்று கேளுங்கள், ஏறினால் கட்டாயம் சீட்டு வாங்குங்கள். நான் போனபோது ஷியாம்பஜார்–எஸ்பிளனேடு ஐந்தாம் எண் ஓடிக்கொண்டிருந்தது.